எலுமிச்சைச் சாயாவும் வாஷி வேலையும்

மும்பையில் எங்கள் கல்லியில், அதாவது சந்தில், யாருக்காவது வயிறு கெட்டுவிட்டது என்று தெரிந்தால் முதலில் வந்து சேருவது பாலில்லாத சாயா. தேயிலையைத் தூக்கலாகப் போட்டுக் கொதிக்கவைத்து, அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் கண்ணாடி கிளாசில் ஊற்றி, முந்தானையால் பிடித்துக்கொண்டு வருவார்கள். தாராவியில் எங்கள் பக்கம் இருப்பவர்களில் பாதிக்கு மேல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்கள். வயிற்றாலைக்குக் கடுஞ்சாயா என்பது எங்களுக்குள் யாரும் கேள்வி கேட்காத விஷயம். அதோடு ஒரு முறையும் உண்டு. கிளாசைக் காலியாகத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். மிச்சம் வைத்துக் கொடுத்தால், உங்கள் வீட்டுச் சாயா எனக்கு வேண்டாம் என்று வாசலில் நின்று சொன்ன மாதிரி.

நான் ஒரு கிளாசைக்கூட மிச்சம் வைத்துத் திருப்பியதில்லை. கடற்கழிக்கு அப்பால் வாஷியில் எனக்குக் கிடைத்த வேலை கைவிட்டுப் போகப் பார்த்ததற்கு அந்தக் கிளாஸ்களும் ஒரு காரணம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அந்த வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்ல எனக்குப் பிடிக்கும். வாப்பாவும் உம்மாவும் பள்ளிக்கூடத்துக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தது என்னைச் சேர்க்க வந்த அன்றைக்குத்தான். வாப்பா தோல் பை தைப்பவர். கீழே பட்டறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே வீடு. தையல் மெஷின் ஓடுகிற சத்தத்திலும் தோல் ஒட்டுகிற பசையின் வாடையிலும் அந்த ஏணியின் மேல்படியில் உட்கார்ந்து பி.காம். வரை படித்தேன். கல்லியில் யாருக்கு மாத்திரை அட்டை வந்தாலும், கரண்ட் பில் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். வாஷியில் ஏற்றுமதிச் சரக்குகளுக்குக் கப்பல் காகிதங்கள் தயாரிக்கும் அலுவலகத்தில் வேலை கிடைத்தபோது, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை கொடுத்தார்கள். வாப்பா அதை வாங்கி, என் புகைப்படத்தைப் பார்க்காமல், நாடாவைத்தான் இழுத்துப் பார்த்தார்.

"இது சல்லிசான கயிறுல்லா. நான் தோல்ல ஒண்ணு போட்டுத் தாரேன்" என்றார்.

அந்தத் தோல் நாடாதான் இன்றைக்கும் என் கழுத்தில் இருக்கிறது. அலுவலகத்தில் வேறு யாருக்கும் அது இல்லை.

முதல் ஆறு மாதம் ப்ரொபேஷன். அதற்குள் வேலையில் நிலைத்தால் நிரந்தரம், இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். மழை பிடித்த சமயத்தில் என் வயிறு ஆரம்பித்தது.

வலி பெரிதாக இல்லை. காய்ச்சல் இல்லை. தண்ணீராகப் போகும். போய்விட்டு வந்து உட்கார்ந்தால் திரும்பவும் கூப்பிடும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் இது புதிதல்ல, நாலு நாளில் போய்விடும் என்று நினைத்தேன். வாரங்கள் போயின. வயிறு மட்டும் நிற்கவில்லை.

எங்கள் வீட்டில் கழிப்பறை கிடையாது. கல்லி முனையில் பொதுக் கழிப்பறைதான். காலையில் பெண்கள் வரிசை கறிக்கடை வரைக்கும் நீளும். அந்த வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு. ரயில் பிடிக்க வேண்டியவள் "எனக்கு வண்டி" என்று சொன்னால் மற்றவர்கள் முன்னால் விட்டுவிடுவார்கள். ஒருத்தியும் முணுமுணுக்க மாட்டாள். நானும் அதைச் சொல்லித்தான் முன்னால் போவேன். ஆனால் திரும்பி வந்து மறுபடியும் வரிசையில் நின்று மறுபடியும் அதையே சொன்னால்?

எதிர்வீட்டுச் சாச்சி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். அவள் எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் நான் பிறந்ததிலிருந்து சாச்சி.

"ஏளா, ஒனக்கு மட்டும் ஒரு நாளைக்கு எத்தன வண்டிளா? ரயில்வேக்காரன் ஒனக்குன்னே தனியா விடுதானா?"

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தால் ஆபத்து என்பதால் பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

வரிசையைத் தாண்டினால் ரயில். ஜிடிபி நகரில் ஏறினால் வாஷிக்கு ஒரே வண்டி. சுனாபட்டி, குர்லா, திலக் நகர், செம்பூர், கோவண்டி, மான்குர்ட். அதற்கப்புறம் பாலம். கடற்கழியின் மேல் நீளமாகப் போகும் அந்தப் பாலத்தில் ஸ்டேஷன் கிடையாது, லோக்கல் வண்டியில் கழிப்பறையும் கிடையாது. சின்ன வயதில் அந்தப் பாலம் வந்தால் ஜன்னலோரம் முட்டி மோதுவேன். இப்போது மான்குர்ட் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டேன். பல நாட்கள் அவ்வளவு தூரமே போகவில்லை. செம்பூரிலேயே இறங்கி, ஸ்டேஷன் கழிப்பறைக்கு ஓடி, அடுத்த வண்டியைப் பிடிப்பேன்.

செம்பூரில் அதே பெட்டியில் ஏறும் ஓர் ஆன்ட்டி உண்டு. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகிச் செம்பூருக்கு வந்து, பேலாப்பூரில் ஏதோ அரசு அலுவலகத்தில் ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். பெட்டியில் நான் தமிழில் போன் பேசியதைக் கேட்டுப் பழக்கமானவர். ஒருநாள் அவர் ஏற, நான் அவரை இடித்துக்கொண்டு இறங்க, என் துப்பட்டாவைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏண்டி, நான் ஏறினா நீ எறங்கறே. தினம் இதே கதையான்னா இருக்கு. நேக்கு என்ன ஒட்டிக்கற வியாதியா?"

"எனக்குத்தான் ஆன்ட்டி" என்று கத்திவிட்டு ஓடினேன்.

அலுவலகத்தில் ரயில் லேட் என்று சொல்வேன். மும்பையில் அதைவிட நம்பத்தகுந்த வார்த்தை இல்லை. ஆனால் அதுவும் தேய்ந்துபோகும் என்று மேனேஜர் மேடத்தின் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. என் வேலையில் அவர் குறை சொன்னதில்லை. என் நாற்காலியைத்தான் பார்ப்பார். அது காலியாக இருக்கும் நேரம் அதிகம்.

வீட்டுக்கு வந்தால் சாயா காத்திருக்கும். சாச்சி ஒரு கிளாஸ், பக்கத்து வீட்டில் ஒரு கிளாஸ், பட்டறையில் வாப்பாவுக்குச் சாயா சொல்லும்போது எனக்கென்று ஒரு கிளாஸ், காலையில் உம்மா கையால் ஒரு பெரிய கிளாஸ். நான் சோறு தின்னப் பயந்து போயிருந்தேன். சாயா மட்டும்தான் ஆகாரம். அத்தனையையும் குடித்துவிட்டு, தூக்கம் கெட்டு, தலையிடிக்கும். தலையிடிக்குப் பட்டறையில் மருந்து உண்டு. நாள் முழுக்கக் குனிந்து தைக்கிறவர்களுக்காக ஒரு பிஸ்கட் டப்பாவில் வலி மாத்திரைகளை உதிரியாகப் போட்டு வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நானும் போகிற போக்கில் ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்வேன். கல்லியின் மாத்திரைகளுக்கெல்லாம் பெயர் வாசித்துச் சொல்பவள், டப்பாவில் கிடந்த அட்டையில்லாத மாத்திரையைப் பற்றி யோசிக்கவில்லை. வாசிக்க அதில் எழுத்தே இல்லை.

கல்லி டாக்டர் கொடுத்த மருந்துகள் ஒன்றும் கேட்கவில்லை. மலத்தைச் சோதித்தார்கள், இரத்தத்தைச் சோதித்தார்கள், கிருமி ஏதுமில்லை என்றார்கள். கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே குடல் நோய்களுக்கான பெண் டாக்டர், மராட்டிக்காரர், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்துவிடலாம் என்றார். அதற்கு முந்தின நாள் மருந்து கலந்த தண்ணீரை ஜாடி ஜாடியாகக் குடித்து வயிற்றைச் சுத்தமாகக் காலி செய்ய வேண்டும். "வீட்டில் டாய்லெட்டுக்குப் பக்கத்திலேயே இருந்துகொள்" என்று அவர் இந்தியில் சொன்னபோது நான் தலையாட்டினேன். எங்கள் டாய்லெட் எங்கே இருக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை.

உம்மாவிடம் சொன்னேன். உம்மா சாச்சியிடம் சொன்னாள். சாச்சியிடம் சொன்னால் கல்லியிடம் சொன்ன மாதிரி.

அந்த மத்தியானத்தை நான் எப்போதும் மறக்க மாட்டேன். பொதுக் கழிப்பறையின் பெண்கள் பகுதியில் கடைசி அறையைச் சாச்சி தன் கையால் பினாயில் போட்டுக் கழுவினாள். வாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். மடியில் முறம், முறத்தில் கொத்தவரங்காய். நான் வெளியே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் ஜாடியோடு. யாராவது அந்த அறைப் பக்கம் திரும்பினால் சாச்சியின் குரல் எழும்பும்.

"அங்கன போ. இது ரிசர்வேஷன்."

"யாருக்குச் சாச்சி?"

"எம்மவளுக்கு. நாளைக்கு அவ கொடலுக்குள்ள சினிமா எடுக்காவ."

ஒருத்தி கேட்டாள், கதாநாயகன் யார் என்று. இன்னொருத்தி, எனக்கும் ரெண்டு டிக்கெட் வேண்டும் என்றாள். ஒவ்வொரு முறை நான் உள்ளே ஓடும்போதும் வரிசையிலிருந்து "வண்டி வந்துட்டு, வழிவிடுங்கட்டி" என்று ஒரு குரல் வரும். நான் உள்ளேயிருந்து அழுதுகொண்டே சிரித்தேன். படித்த பெண், வாஷியில் வேலை பார்க்கிறவள், இப்படி ஊர் பார்க்கக் கிடக்கிறோமே என்று முதலில் கூசியது. சாயங்காலம் ஆகும்போது அந்தக் கூச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெம்பில்லை. அது போனதில் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்து உட்கார்ந்தபோது வாப்பா பக்கத்தில் நின்றார். டாக்டர் வந்து, குடல் முழுக்கப் பார்த்தாயிற்று, சுத்தமாக இருக்கிறது, புண் இல்லை, கட்டி இல்லை, நார்மல் என்றார். அங்கங்கே கடுகளவு சதை கிள்ளி எடுத்திருக்கிறேன், அதை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும், பிறகு வாருங்கள் என்றும் சொன்னார். வாப்பா காதில் விழுந்தது 'நார்மல்' மட்டும்தான். இந்தி, தமிழ், மராட்டி எல்லாவற்றிலும் அந்த வார்த்தை ஒன்றுதானே.

வரும் வழியில் மைசூர்பாகு வாங்கினார். கல்லி முழுக்கக் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது நாலு கிளாஸ் சாயா.

மைசூர்பாகு தீர்ந்த பிறகுதான் விஷயம் வேறு பக்கம் திரும்பியது. உம்மா அரிசி களைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நோயே இல்லன்னுட்டாவள்லா. அப்பொ என்ன அர்த்தம்? அந்த வேலதான் நோயி. டென்ஷன். விட்டுரு."

"உம்மா, இன்னும் ரிசல்ட் வரல."

"கேமராவ உட்டே பாத்தாச்சு, இன்னும் என்னத்த பாக்கணும்? வேல இல்லாம இருந்தப்ப நீ நல்லாத்தான இருந்தா. அரையா போயிட்டா. எனக்கு வேலக்குப் போற மவ வேண்டாம், உசுரோட இருக்க மவ போதும்."

வாப்பாவைப் பார்த்தேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். "ஒம்மா சொல்லுதது தப்பில்லம்மா" என்றார், நூலைப் பார்த்தே. என் அட்டைக்குத் தோல் நாடா தைத்தவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு வலித்தது. கோபப்பட முடியவில்லை. அவர்கள் கண்ணால் பார்த்ததை வைத்துப் பேசினார்கள். நானே இரண்டு நாள் அதை நம்பினேன். எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் யாருமில்லை, ஒருவேளை என் உடம்புக்கு அது பழக்கமில்லையோ என்றெல்லாம் யோசனை போயிற்று. அந்த நாட்கள்தான் மோசமானவை. வயிறு போன நாட்களைவிட மோசம்.

ப்ரொபேஷன் முடிய இன்னும் கொஞ்ச காலமே இருந்தது. ரிசல்ட்டுக்குப் பிறகு முடிவு செய்கிறேன் என்று உம்மாவிடம் தவணை வாங்கினேன்.

அந்த முறை ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். டாக்டர் என்னை உட்காரச் சொல்லி, ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். கேமராவுக்கு உன் குடல் நன்றாகத்தான் தெரியும், ஆனால் அதன் உள்தோலில் அழற்சி இருக்கிறது, மைக்ரோஸ்கோப்பில் மட்டும்தான் தெரியும் என்றார். தண்ணீரை உறிஞ்ச வேண்டிய இடம் உறிஞ்சவில்லை. மைக்ரோஸ்கோப்பிக் கோலைட்டிஸ் என்று பெயர் சொன்னார்.

"டென்ஷன் இல்லையா டாக்டர்?"

"டென்ஷனுக்கு மைக்ரோஸ்கோப்பில் உருவம் கிடையாது. இதற்கு இருக்கிறது."

இது புற்றுநோயாக மாறாது, உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அடங்கி அடங்கித் திரும்ப வரலாம் என்றார். சாதாரணமாக ஐம்பது அறுபது வயதைத் தாண்டிய பெண்களுக்குத்தான் அதிகம் வரும், நீ சீக்கிரம் வந்துவிட்டாய் என்றும் சொன்னார். எங்கள் வீட்டில் எதையும் முதலில் செய்பவள் நான்தான் என்றேன். அவருக்குப் புரியவில்லை, இருந்தாலும் சிரித்தார்.

பிறகு என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். ஒன்றும் சாப்பிடுவதில்லை, சாயா மட்டும்தான் என்றேன். எவ்வளவு என்றார். நான் வீடு வீடாகச் சொல்ல ஆரம்பித்தேன். உம்மா, சாச்சி, பக்கத்து வீடு, பட்டறை. அவர் பேனாவை வைத்துவிட்டார். பால் இல்லாமல்தான் டாக்டர், எலுமிச்சை பிழிந்து, மருந்துக்காக என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இந்த நோயில் சாயா, காப்பியில் இருக்கும் கஃபீன் குடலை இன்னும் விரட்டும் என்றார். வேறு மாத்திரை ஏதும் போடுகிறாயா என்று கேட்டபோது பிஸ்கட் டப்பா நினைவுக்கு வந்தது. வலி மாத்திரைகளுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு, அதை இன்றைக்கே நிறுத்து, வலி வந்தால் என்னைக் கேட்டு வேறு போடு என்றார். குடலுக்குப் போய் அங்கே கரைகிற ஒரு காப்ஸ்யூலை எழுதினார். காலையில் போட வேண்டும், சில வாரங்களுக்குப் பிறகு மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும், நானாக நிறுத்தக் கூடாது.

வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்தேன். நோய் இருக்கிறது என்று கேட்டு இவ்வளவு நிம்மதிப்பட்டவள் அந்தப் படியில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள்.

வீட்டில் சொன்னேன். வாப்பா மெஷினை நிறுத்தினார்.

"அப்பொ நார்மல்னு சொன்னது?"

"கேமராவுக்கு நார்மல். மைக்ரோஸ்கோப்புக்கு இல்ல வாப்பா."

"மைசூர்பாகு வீணாப் போச்சே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பொ வேல நோயில்ல" என்று உம்மா பக்கம் பார்த்துச் சொன்னார். உம்மா உலை வைக்கப் போனாள். அன்றைக்குச் சோற்றைக் குழைய வடித்து, உருளைக்கிழங்கை அவித்து மசித்து, மிளகாய் இல்லாமல் வைத்தாள். எங்கள் வீட்டில் மிளகாய் இல்லாமல் ஒரு பண்டம் வைப்பது சாதாரண விஷயமில்லை.

நோயைவிடக் கஷ்டமாக இருந்தது சாயாவை நிறுத்துவது. மறுநாள் சாச்சி கிளாசோடு வந்தாள். உம்மா வாசலிலேயே நின்று, டாக்டர் சாயா குடிக்கக் கூடாதென்று சொல்லிவிட்டார் என்றாள். சாச்சியின் முகம் மாறியது.

"ஏன், எஞ்சாயாவுலயா நோய் இருந்துது?"

"அப்படியில்ல, எல்லாச் சாயாவும்தான்…"

"வாளியப் போட்டுக் காவல் இருந்தவ நான். இப்ப நான்தான் நஞ்சு கொடுத்தேங்கா."

கிளாசோடு திரும்பிப் போய்விட்டாள். இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை. கழிப்பறை வரிசையில் நான் "எனக்கு வண்டி" என்றபோது வழிவிட்டாள், ஆனால் பேசவில்லை. எனக்கு அது தாங்கவில்லை. அன்று வேலை முடிந்து வந்ததும் நேராக அவள் வீட்டுக்குப் போனேன். எனக்குச் சோறு வடித்த கஞ்சி வேண்டும், உப்புப் போட்டு, உங்கள் கையால்தான் வேண்டும் என்றேன். உம்மா வைக்கிற கஞ்சியில் உப்பு சரியாக விழுவதில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். உம்மாவுக்கு அது தெரியாது.

சாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒம்மா என்னிக்குத்தான் உப்பு போட்டா" என்று எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அன்றிலிருந்து அதே கண்ணாடி கிளாசில் கஞ்சித் தண்ணீர் வந்தது. பக்கத்து வீடும் அப்படியே மாறியது. கிளாசைக் காலியாகத் திருப்பும் முறை மட்டும் மாறவில்லை. எங்கள் கல்லி ஒரு நோய்க்காகத் தன் வைத்தியத்தை மாற்றிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். அதைச் செய்யவைத்தது நான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. பிஸ்கட் டப்பாவை வாப்பா தூக்கி எறியவில்லை, அவர் முதுகுக்கு அது வேண்டும். ஆனால் நான் ஏணியில் இறங்கும்போது அதன்மேல் ஒரு தோல் துண்டைப் போட்டு மூடுவார், நான் திருடிவிடுவேன் என்பதைப் போல.

காப்ஸ்யூல் வேலை செய்ய ஆரம்பித்தது. ஒரே நாளில் இல்லை. முதலில் செம்பூரில் இறங்காமல் போனேன். அன்று ஆன்ட்டி ஏறி என் எதிரில் உட்கார்ந்து, "அடடா, இன்னிக்கு நேக்குத் துணை இருக்கே" என்றார். என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "வெள்ளைச் சாதம், வெள்ளை உருளைக்கிழங்கு. என்னடி இது, விதவைச் சாப்பாடா?" என்று கேட்டுவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் சிரித்தேன். கோலைட்டிஸ் சாப்பாடு என்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் பதிலுக்குத் தன் தைராய்டு, முழங்கால், மாமியார் என்று வாஷி வரைக்கும் சொன்னார்.

பிறகு ஒருநாள் வண்டி பாலத்தில் நின்றது.

மான்குர்ட் தாண்டி, மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் குலுங்கி நின்றது. இரண்டு பக்கமும் சாம்பல் நிறத் தண்ணீர். மின்விசிறி நின்றுபோனது. பெண்கள் போனில் மேலதிகாரிகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை மாதம் நான் பயந்தது இதே இடத்துக்குத்தான். மேனேஜர் மேடம் அன்று காலை என்னைத் தன் அறைக்கு வரச் சொல்லியிருந்தார். ப்ரொபேஷன் விஷயம் என்று எனக்குத் தெரியும்.

ஆன்ட்டி என் முகத்தைப் பார்த்தார். "வருதா?" என்றார் மெல்ல.

நான் வயிற்றைக் கவனித்தேன். கூப்பிடுகிறதா என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. ரொம்ப நேரம் நின்ற வண்டியில், அது பாட்டுக்கு அமைதியாக இருந்தது.

"இல்ல ஆன்ட்டி."

"பின்ன ஏன் மூஞ்சிய இப்படி வெச்சுண்டிருக்கே? வேடிக்கை பாரேன். காசு கொடுத்தாலும் இப்படிப் பாலத்துல நிறுத்த மாட்டான்."

ஜன்னலோரம் போய் நின்றேன். மழை தண்ணீரில் விழுவதைப் பார்த்தேன். தூரத்தில் ஒரு படகு தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. பாலத்தை நான் பார்த்தே எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அலுவலகத்துக்கு ரொம்பத் தாமதமாகப் போனேன். மேடம் நிமிர்ந்து பார்த்து, "மறுபடியும் ரயிலா?" என்று கேட்டார். ரயில்தான். ஆனால் அந்தக் குரலில் இருந்த சலிப்பைக் கேட்டதும், இன்றைக்கு விட்டால் வேலையும் போகும், ஏன் போயிற்று என்று ஒருவருக்கும் தெரியாமலும் போகும் என்று தோன்றியது.

"இன்றைக்கு மட்டும்தான் ரயில் மேடம். மற்ற நாளெல்லாம் என் குடல்."

நின்றபடியே சொன்னேன். நோயின் பெயரைச் சொன்னேன். இப்போது மருந்தில் அடங்கியிருக்கிறது, திரும்ப வரலாம் என்றேன். டாய்லெட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி வேண்டும், காலையில் அரை மணி நேரம் தளர்வு வேண்டும், அதைச் சாயங்காலம் இருந்து ஈடுகட்டுகிறேன் என்றேன். கல்லி முழுக்கப் பார்க்க ஜாடியோடு ஸ்டூலில் உட்கார்ந்தவளுக்கு ஓர் அறையில் ஒரே ஒருவரிடம் சொல்வதில் என்ன இருக்கிறது?

மேடம் எதிரிலிருந்த நாற்காலியைக் காட்டினார். "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்" என்றார். பிறகு, "நீ தயாரித்த காகிதம் எதுவும் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்ததில்லை. நாற்காலி காலியாக இருந்ததுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. டாக்டர் சீட்டைக் கொண்டு வா" என்றார். மாத முடிவில் நிரந்தரமாக்கினார்கள். என் மேசை இப்போது டாய்லெட்டுக்குப் போகும் வழியோரம் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. அலுவலகத்தில் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இது சொல்லி முடித்துவிடக் கூடிய கதை இல்லை, ஏனென்றால் நோய் முடியவில்லை. காப்ஸ்யூலைக் குறைத்துக் குறைத்து நிறுத்திய பிறகு நல்ல நாட்கள் வந்தன. மிளகாய் போட்ட மீன் குழம்பு கொஞ்சம் தின்றேன், ஒன்றும் ஆகவில்லை. பால் ஒத்துக்கொள்ளவில்லை, விட்டேன். அலுவலகத்தில் சாயா வரும்போது என் கப்பில் வெந்நீர் ஊற்றச் சொல்வேன். இப்போது யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

போன மழையில் அது திரும்பி வந்தது. காலையில் வரிசையிலிருந்து வந்து, உடனே திரும்பி ஓடி, மறுபடியும் வந்தபோது உம்மா ஏணியடியில் நின்றிருந்தாள்.

"வந்துட்டா?" என்றாள், விருந்தாளியைப் பற்றிக் கேட்பது போல.

"வந்துட்டு."

டாக்டருக்குப் போன் செய்தேன். காப்ஸ்யூலைத் திரும்ப ஆரம்பிக்கச் சொன்னார். இன்றைக்கு லீவு போட்டுப் படுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தபடி ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தேன். முன்பு வேலையை விடு என்று சொன்ன உம்மா இப்போது என்ன சொல்வாள் என்று பார்க்கும் ஆசையும் கொஞ்சம் இருந்தது.

உம்மா மேலே ஏறிப்போனாள். இறங்கும்போது கையில் டப்பா. குழைந்த சோறு, அவித்த உருளைக்கிழங்கு, ஒரு பாட்டிலில் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், ஒரு பையில் மாற்று உடுப்பு. எல்லாவற்றையும் என் மடியில் வைத்தாள். ஆணியில் தொங்கிய அட்டையை எடுத்து, தோல் நாடாவை விரித்துத் தானே என் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"நீ என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கா? செம்பூர்ல எறங்கணும்னா எறங்கிட்டுப் போ. கெளம்பு, வண்டி போயிரும்."